அப்பாவின் காடியும் நம்ம கோயில் கோபுரமும்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து வெளியே நின்றபோது ஒரு தம்பி கேட்டார். "அண்ணே, இந்தப் பழைய பென்சை வித்தா நல்ல விலை போகுமே, ஏன் இன்னும் வச்சிக்கிட்டு கஷ்டப்படுறீங்க?" அங்கே சிரிச்சிட்டு வந்துட்டோம். பதில் கொஞ்சம் நீளம். அதில் நம்ம கோயிலுக்கும் சம்பந்தம் இருக்கு. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

நாங்க அண்ணன் தம்பி இரண்டு பேர். இரண்டு பேருக்கும் தொழிற்சாலை வேலைதான். எங்க அப்பா கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கேக்கு டிரைவராக இருந்தார். 1983-ல் தவுக்கே வாங்கிய காடி இது, மெர்சிடிஸ் 200. டபிள்யூ 123 என்று சொல்வார்கள். 1976-ல் வெளிவந்த மாடல். ஜெர்மனியில் இது டாக்சியாகவும் ஓடியது. இங்கே அந்தக் காலத்தில் தவுக்கே, டத்தோ, டாக்டர் வீட்டு வாசலில்தான் பார்க்கலாம். 1994-ல் தவுக்கே புதுக் காடி எடுத்தபோது பழையதை அப்பாவுக்கே கொடுத்துட்டார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர் வீட்டு வாசலில் பென்ஸ் நின்றது. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து தொட்டுப் பார்த்தாங்க.

அப்பாவுக்கு இரண்டு பழக்கம். காலையில் எஞ்சினை முடுக்கினால் உடனே கிளம்ப மாட்டார். ஆயில் முள் மேலே ஏறி 3-ல் நிற்கும் வரை பார்ப்பார். அப்புறம் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் கியர். இன்னொன்று, எங்கே போய்ட்டு வந்தாலும் இறங்கி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். அது என்ன சாமி கும்பிடுற மாதிரின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். சிரிப்பார், விளக்கம் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்கலை.

2009-ல் அப்பா தவறிட்டார். காடி மாமரத்துக்குக் கீழே மூணு வருஷம் நின்றது. வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, பராமரிக்கிறோம்னு நினைச்சிக்கிட்டோம்.

2012-ல் நம்ம கோயில் கும்பாபிஷேகம். அம்மாவை அப்பா காடியிலேயே கூட்டிப் போகணும்னு ஆசை. கையில் இருந்த சேமிப்பை எல்லாம் எடுத்தோம். புது பெயின்ட், குரோம் பட்டைக்கு மெருகு, சீட்டுக்குத் தோல் உறை. காடி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சி. ஐயரை வைத்துப் பூஜை போட்டோம், டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அந்த டயருக்குப் பின்னால் என்ன இருக்குன்னு மட்டும் யாரும் பார்க்கலை.

கும்பாபிஷேகத்தன்று அம்மா நாலு மணிக்கே எழுந்து பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்துட்டாங்க. காப்பார் சாலையில் பாதி தூரம் வந்திருப்போம். காடி இடது பக்கம் இழுத்தது. அப்புறம் கருகுற வாடை. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து புகை. கை வைக்க முடியாத சூடு. டாக்சி கிடைக்கலை. தெரிஞ்சவங்க எல்லாருமே கோயிலுக்குள்ளே. யார் போனும் எடுக்கலை.

கடைசியில் ஒரு தொண்டர் தம்பி எடுத்தார். கூட்டத்தை விட்டு அவரால் வெளியே வர முடியலை. போனைத் தூக்கிப் பிடிக்கிறேன்னு சொன்னார். மேளச் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரோட்டோரத்தில் லாரிப் புழுதியில் கண்ணை மூடிக் கும்பிட்டாங்க. நாங்க கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தீர்த்தம் தெளித்து முடித்து, சனங்க அன்னதான வரிசையில் நின்னாங்க.

அம்மா திட்டலை. "அப்பா இருந்திருந்தா சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்" என்று மட்டும் சொன்னாங்க. அப்போதான் அந்தப் புறங்கைக்கு அர்த்தம் புரிந்தது. நாலில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் ஒரு சீன அங்கிளிடம் கொண்டு போனோம். பழைய பென்சிலேயே வயசான ஃபோர்மேன். பிரேக் ரப்பர் குழாயைக் கழற்றி வெட்டிக் காட்டினார். வெளியே நல்லா இருந்தது, உள்ளே வீங்கி அடைத்திருந்தது. மிதிக்கிற வேகத்தில் எண்ணெய் உள்ளே போயிடும், காலை எடுத்தால் திரும்பி வர வழி இல்லை. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும் என்றார். நாங்க ஒருமுறைகூட மாற்றலை.

பெயின்டையும் அங்கங்கே சுரண்டினார். பேட்டரி தட்டுக்கு அடியில், ஜேக் வைக்கிற இடத்தில், பின் கண்ணாடி ரப்பரின் மூலையில், எல்லா இடத்திலும் துரு. துருவின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் வழியில் மாமர இலை மக்கிப்போய்க் கிடந்தது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கு. வாரம் அஞ்சு நிமிஷம் ஓடவிட்டது சேவை இல்லை, கெடுதல் என்றார். சைலன்சர் சூடாகும் முன்னே நிறுத்தினால் உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். ரேடியேட்டரில் வெறும் பைப் தண்ணீர் ஊற்றியதற்கும் வாங்கிக் கட்டிக்கிட்டோம். எஞ்சினின் மேல்பாகம் அலுமினியம், கூலன்ட் இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

எங்களுக்கு வெட்கமாகப் போயிடுச்சி. தொழிற்சாலையில் எங்க வேலையே மெஷின் பராமரிப்பு அட்டையில் டிக் போடுறதுதான். எந்த வாரம் கிரீஸ், எந்த மாசம் பெல்ட் என்று ஆள்களை நிற்கவைத்துக் கேட்கிறவங்க நாங்க. சொந்தக் காடிக்கு அப்படி ஒரு அட்டை இல்லை.

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அங்கிள் சொன்ன வரிசை: முதலில் பிரேக், அடுத்து ரேடியேட்டர், அப்புறம் பெட்ரோல் டாங்கி, குழாய், கார்புரேட்டர் ரப்பர், அப்புறம் துரு. பெயின்ட் கடைசி. மாசம் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பளத்தில் எடுத்து, இரண்டு வருஷம் ஆச்சு. காடி அழகாக இல்லாத இரண்டு வருஷம். ஆனால் சரியாக ஓடியது.

அம்மா 2019-ல் தவறிட்டாங்க. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அஞ்சு வருஷம் இருந்தது.

2024 திருப்பணிக்காகச் சாரம் கட்டியபோது நாங்களும் மேலே ஏறினோம். கோபுரத்தில் ஒரு சுதைச் சிற்பத்துக்குப் பின்னால் அரசங்கன்று. பறவை எச்சத்தில் விழுந்த விதை. வேர் கட்டை விரல் மொத்தத்துக்கு உள்ளே போய்ச் சுவரைப் பிளந்திருந்தது. பக்கத்திலேயே மழைத் தண்ணீர் போகிற குழாயில் இலை. எங்களுக்கு உடனே மாமரம்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கன்று இரண்டு அங்குலம் இருந்தபோது யாராவது விரலால் பிடுங்கியிருக்கலாம். செலவு இல்லை. ஏணி மட்டும் போதும். கடைசியில் அதைச் சரிசெய்ய ஸ்தபதி வர வேண்டியிருந்தது, நீங்க எல்லாம் நன்கொடை கொடுக்க வேண்டியிருந்தது.

கும்பாபிஷேகம் என்றால் பந்தல் கொள்ளாத கூட்டம். மண்டலாபிஷேகம் 48 நாளும் உபயத்துக்குப் போட்டி. அப்புறம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த விளக்கைத் தேய்க்க இரண்டு பாட்டிமார்தான் இருப்பாங்க. யாரையும் குறை சொல்லலைங்க. பெயின்ட் அடித்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்த ஆட்கள் நாங்களேதான்.

இப்போ காடி வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஓடுகிறது. தாமானில் நடக்க முடியாத மூணு பாட்டிமாரைக் கோயிலுக்குக் கூட்டி வந்து, கொண்டு போய் விடுகிறோம். எஞ்சின் நல்லா சூடாகுற தூரம். பாட்டிமாருக்கு சாமி தரிசனம், காடிக்கு ஆரோக்கியம். வீட்டில் ஒரு அட்டை தொங்குது, எண்ணெய் மாற்றிய தேதி, பிரேக் எண்ணெய் தேதி எல்லாம் அதில் இருக்கு. இறங்கியதும் நாலு சக்கரத்துக்கும் புறங்கை.

அதனால்தான் விற்கலை தம்பி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாசத்தின் முதல் ஞாயிறு காலை 7 மணிக்குக் கோயிலில் கோத்தோங் ரோயோங். இந்த முறை மேல்தளத்துத் தண்ணீர்க் குழாய்கள், கோபுரத்தில் முளைத்த செடிகள், விளக்குகள். மேலே ஏற இளைஞர்கள் வேண்டும். மற்றவர்கள் கீழே விளக்குத் தேய்க்கலாம். பணம் வேண்டாம். துடைப்பமும் இரண்டு மணி நேரமும் போதும். பசியாற தோசையும் தேத்தண்ணியும் எங்க பொறுப்பு.

வர வழியில்லாத பெரியவங்க சொல்லி அனுப்புங்க, காடி வரும்.

அம்மன் அருள் எல்லோருக்கும் கிடைக்கட்டும்.