கைநாட்டு

‘ஆபரேசன் பண்ணினவ எப்பிடிடீ முழுகாம இருப்பா?’ எங்க தெருவுல இந்தக் கேள்வி டாக்டரைப் பார்த்துப் போனதே இல்ல. பொம்பளையைப் பார்த்துத்தான் வரும். எங்க சித்தியையும் இப்படித்தான் கேட்டாங்க. மூணு பிள்ளை போதும்னு கருத்தடை செஞ்சு ரெண்டு வருசம் இருக்கும். ஏலத்தோட்டத்துல காய் எடுத்துக்கிட்டிருந்தப்போ மயங்கி விழுந்திருச்சு. நாலு மாசம்னாங்க. அந்தப் பிள்ளை பொறக்குற வரைக்கும் சித்தப்பா வீட்டுல சோறு திங்கல. ஆபரேசன் செஞ்ச ஆஸ்பத்திரியில போய்க் கேட்டதுக்கு, ‘நீதான் ரேகை வச்சிருக்கியே’ன்னு ஒரு தாளைக் காட்டி அனுப்பிட்டாங்க. தேவாரத்துல விடியுமுன்னே ஜீப் ஏறி, மலை தாண்டிப் போய் இருட்டினப்புறம் திரும்புற சனம் அது. அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு வாசிச்சுக் காட்ட யாருக்கும் நேரமில்ல.

அதே தாளைப் பல வருசம் கழித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் பார்த்தேன். ஹரியானா அரசு எதிர் சாந்த்ரா. தேதி 2000 ஏப்ரல் 24. சாந்த்ரா கூலிக்காரப் பெண், ஏழு பிள்ளைகளுக்குத் தாய். 1988இல் குர்கான் அரசு மருத்துவமனையில் கருத்தடை செய்துகொண்டார். முடிந்தது என்று சான்றிதழும் கொடுத்தார்கள். பிறகு கர்ப்பம். வலப்பக்கக் கருக்குழாயை மட்டும் அடைத்துவிட்டு, இடப்பக்கத்தைத் தொடாமலே விட்டது வழக்கில் வெளிவந்தது. அரசு என்ன வாதாடியது தெரியுமா? ஆபரேசன் தோற்றால் நட்டஈடு கேட்கமாட்டேன் என்று அவள் கைநாட்டு வைத்திருக்கிறாள்! கீழ்க்கோர்ட் முதல் உச்ச நீதிமன்றம் வரை எந்த இடத்திலும் அந்தக் கைநாட்டு அரசைக் காப்பாற்றவில்லை. தீர்ப்பான தொகை 54,000 ரூபாயும் வட்டியும். ஒரு பிள்ளையை வளர்க்க இது எந்த மூலைக்கு? ஆனாலும் ஊழியர் செய்த தவறுக்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே நிலைத்தது.

இதைச் சொன்னால் தோழர்கள் உடனே ‘நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம்’ என்கிறார்கள். அங்கேதான் சிக்கல். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பர் 13இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளை விலக்கிவிட்டது. காசு கொடுத்தவன் நுகர்வோர். நம்ம சனத்துக்கு அந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது. சாந்த்ரா போனது சிவில் கோர்ட்டுக்கு. அதற்குச் செலவாகுமே என்று பயப்பட வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும், வருமானம் பார்க்கக்கூடாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. கருத்தடை தோற்றாலே அலட்சியம் என்று ஆகிவிடாது. சரியாக அடைத்த குழாயும் தானாகச் சேர்ந்துகொள்வதுண்டு. மருத்துவர் கவனமில்லாமல் செய்ததைக் காட்ட வேண்டும் என்று 2005இல் பஞ்சாப் அரசு எதிர் சிவ்ராம் வழக்கில் தீர்ப்பானது. காட்டுவதென்றால் கேஸ் ஷீட் கையில் வேணும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைக் கொடுக்கணும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. அரசு ஆஸ்பத்திரி என்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கு.

இப்ப எங்க தெருவுல இன்னொரு பொண்ணுக்கு அதே கதி. மனு மேல மனு போட்டு நகல் வாங்கினோம். ஆபரேசன் குறிப்புல ரெண்டு குழாய்க்கும் ரெண்டு வரி. ஒரு வரி காலியாக் கிடக்குது. கீழே அவ கைநாட்டு மட்டும் தெளிவா விழுந்திருக்கு.

‘பணம் கெடக்கட்டும்க்கா, எம்மேல தப்பில்லைன்னு கோர்ட்டு எழுதிக் குடுக்குமா?’ன்னு கேட்டா. அந்த நகலை முதல்ல அவ மாமியாருக்குத்தான் வாசிச்சுக் காட்டினேன். கிழவி ரெண்டாந்தரம் வாசிக்கச் சொல்லுச்சு. தேனிக் கோர்ட்டுல வழக்குப் போட்டாச்சு. வாய்தாவுக்கு வாய்தா ஒருநாள் கூலி போகுது. போன வாய்தாவுக்கு மாமியாரும் கூட வந்துச்சு.