பிஸ்கட் ரின்னும் ஒரு பழைய ஸ்கானரும்

ஷரஃபியாவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மலையாளியின் ஸ்டுடியோ இருந்தது. இக்காமாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்கிற சின்னக் கடை. எல்லோர் கையிலும் கமராப் போன் வந்தபிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. போன வருடம் சேட்டன் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போனபோது, ஒரு பெட்டியையும் அதோடு சேர்ந்த விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினியையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவர் கடைசி மூன்று மாதம் எங்கள் கடையில் சாப்பிட்ட பரோட்டாவும் தேத்தண்ணியும் என் கணக்கில் எழுதப்பட்டன. அதுதான் விலை.

பெட்டியின் பெயர் நிக்கோன் கூல்ஸ்கான் 5. தடித்த அகராதி ஒன்றை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். கடிதமோ புத்தகமோ இதில் ஸ்கான் செய்ய முடியாது. பிலிம் நெகட்டிவும் ஸ்லைடும் மட்டும்தான். 2000களின் நடுப்பகுதியில் விற்ற சாமான். இப்போது நிக்கோன் இந்த வகை ஸ்கானர்களைச் செய்வதில்லை. இதற்குப் போட்டியாக இருந்த மினோல்டா 2006இல் கமராத் தொழிலையே விட்டுவிட்டது. பிளஸ்டெக் போன்ற ஒன்றிரண்டு நிறுவனங்கள்தான் இன்னும் பிலிம் ஸ்கானர் செய்கின்றன.

பரோட்டா போடுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அறையில் உள்ளவர்களும் அதைத்தான் கேட்டார்கள். காரணம் ஒரு பிஸ்கட் ரின்.

என் பெரியப்பா (அப்பாவின் தமையன்) 1979இல் ஜித்தாவுக்கு வந்தவர். 2018இல் ஒரேயடியாகக் கிளிநொச்சிக்குப் போகும்போது, "இதைக் கவனமா வைச்சிரு" என்று ஒரு ரின்னைத் தந்தார். திறந்தால் முழுக்க நெகட்டிவ். கோர்னிஷில் 1985இல் இயங்கத் தொடங்கிய அந்தப் பெரிய நீரூற்றுக்கு முன்னால் நிற்கிற படம், யாருடையதோ காரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற படம், அறையில் பத்துப் பேர் ஒரே சகனில் சாப்பிடுகிற படம். வளைகுடாவில் இருந்த ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு தொகுதி இருக்கும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? படங்கள் கடிதத்தோடு ஊருக்குப் போய்விடும். நெகட்டிவை யாரும் அனுப்புவதில்லை. அது இங்கேயே அலுமாரிக்குள் கிடக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பிறகு பெரிய விஷயமாகிவிட்டது.

நான் என்னை அகதி என்று எழுதுவதைப் பார்த்து, சவூதியில் ஏது அகதி என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சவூதி சேரவில்லை. என் அட்டையில் நான் தொழிலாளி. ஆனால் 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட்டு, யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்று, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, பெரியப்பா எடுத்துத் தந்த விசாவில் விமானம் ஏறியவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

வீட்டார் வன்னியில் இருந்தார்கள். 2009இல் புதுக்குடியிருப்பில் பங்கருக்குள் அல்பங்களைப் பொலித்தீன் பையில் சுற்றிப் புதைத்துவிட்டு நகர்ந்தார்கள். பிறகு போய்த் தோண்டியபோது தண்ணீர் இறங்கி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகக் கிடந்ததாம். ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை என்று அம்மா சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு 1995க்கு முந்திய முகங்கள் என்று மிஞ்சியது, ஜித்தாவில் கிடந்த இந்த ரின் மட்டும்தான்.

இனி இயந்திரத்துக்கு வருவோம்.

இதற்குள் குழல் விளக்குக் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்ஈடி விளக்குகள். நாலாவதாக ஒன்று உண்டு, அகச்சிவப்பு. கலர் பிலிமில் உள்ள சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை. தூசும் கீறலும் தடுக்கும். ஆகவே அந்த ஒளியில் பார்த்தால் படம் மறைந்து அழுக்கு மட்டும் தெரியும். அழுக்கு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பக்கத்து நிறத்தால் கணினி நிரப்பிவிடுகிறது. டிஜிட்டல் ஐஸ் என்று இதற்குப் பெயர். நாற்பது வருடம் ரின்னில் உரசிய பிலிமுக்கு இது பெரிய உதவி. இப்போது இளம் பொடியள் டிஜிட்டல் கமராவால் நெகட்டிவைப் படம் பிடித்து நொடியில் வேலையை முடிக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் வழக்கமான கமராவில் இந்த அகச்சிவப்பு வித்தை இல்லை. ஒவ்வொரு தூசையும் கையால்தான் அழிக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைக்கு ஐஸ் சரிவராது. அந்தப் பிலிமில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கும். ஆகவே இயந்திரம் முகத்தையே அழுக்கென்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். கொடாக்குரோம் ஸ்லைடிலும் இந்தத் தொல்லை உண்டு. இரண்டுக்கும் அதை நிறுத்திவிட வேண்டும்.

நிக்கோனின் சொந்த மென்பொருள் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றுவிட்டது. எனக்கு எக்ஸ்பி மடிக்கணினி இருந்ததால் பிரச்சினையில்லை. புதுக் கணினி வைத்திருப்பவர்கள் வியூஸ்கான் என்ற மென்பொருளை வாங்கினால் இந்தப் பழைய இயந்திரங்கள் பலவற்றை ஓட்டலாம். வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். வெளிச்சமான இடத்தைச் சுற்றிப் புகைபோல் ஒரு படலம் தெரிந்தால், உள்ளே உள்ள கண்ணாடியில் தூசு படிந்திருக்கிறது என்று அர்த்தம். கூல்ஸ்கானில் இது வழக்கமான வியாதி. கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

பிலிம் சுருண்டிருந்தால் நடு கூர்மையாகவும் ஓரம் மங்கலாகவும் வரும். தடித்த புத்தகத்துக்குள் ஒரு கிழமை வைத்து எடுங்கள். பூஞ்சணம் பிடித்த பிலிமைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். படம் இருக்கும் ஜெலற்றின் பூச்சைப் பூஞ்சணம் தின்று இளக்கியிருக்கும். தண்ணீர் பட்டால் படமே கழன்று போகும். ஜித்தாவின் கடற்கரைப் புழுக்கத்தில் இது சாதாரணம்.

இரவு பன்னிரண்டரைக்குக் கடை மூடிக் குளித்து, கையில் எண்ணெய் மணம் போனபிறகுதான் தொடங்குவேன். ஒரு பிரேமுக்கு ஓரிரு நிமிடம். ஆறு பிரேம் உள்ள ஒரு துண்டு முடிய, பார்த்துத் திருத்திச் சேமிக்க, அரை மணித்தியாலம் போய்விடும்.

அப்படி ஒரு இரவில்தான் 1995 தைப்பொங்கல் வந்தது.

அந்த மாதம் 8ஆம் திகதி சந்திரிகா அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்தம் தொடங்கியிருந்தது. லீவில் வந்து நின்ற பெரியப்பா தன்னுடைய யாஷிக்காவால் கோவிலடியில் ஊரவர்களை நிற்க வைத்து எடுத்த படம். முப்பது பேர் இருப்பார்கள். 1990இல் நின்ற மின்சாரம் அப்போதும் வரவில்லை. எங்கள் ஊரில் கலர் பிலிம் கழுவ வசதி இல்லை. அந்தப் பிலிம் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, கொழும்பு வந்து, ஜித்தாவில்தான் கழுவப்பட்டது. அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி முழு வலிகாமமும் இடம்பெயர்ந்தது. அதன்பின் அந்த முப்பது பேரும் ஒரே இடத்தில் நின்றதில்லை.

இரண்டாவது வரிசையில் ஒரு பொடியன். ஒன்பது வயது இருக்கும். முன்வீட்டு அக்காவின் மூத்த மகன். 2009 மே மாதம் வட்டுவாகலில் கண்டவர்கள் இருக்கிறார்கள், பிறகு கண்டவர்கள் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரம் அமர்ந்தபோது, அந்த அக்காவும் அதில் ஒருவர். அவர் கையில் இருந்தது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த ஒரு தாள். வேறு படம் அவரிடம் இல்லை.

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பிரேமின் அகலம் 36 மில்லிமீற்றர். இந்தக் கூட்டத்தில் ஒரு முகம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான், கடுகைவிடச் சிறியது. இந்த இயந்திரம் ஒரு அங்குலத்தை 4000 புள்ளியாக வாசிக்கிறது. அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு 157 புள்ளி. அதே படத்தின் சாதாரண அஞ்சலட்டை அளவுப் பிரதியை 300 புள்ளியில் ஸ்கான் செய்தால் அந்த முகத்துக்கு ஐம்பதுதான் கிடைக்கும். யாஷிக்காவின் வில்லை அவ்வளவு கூர்மையானதல்ல, 157 புள்ளியும் விவரமென்று சொல்ல முடியாது. ஆனாலும் பொடியன் சிரிப்பை அடக்கப் பார்ப்பது தெரிந்தது.

நேரே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அம்மாவைப் போய்க் கேட்கச் சொன்னேன். படம் இருக்கிறது, பார்க்க விருப்பமா, முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்து அனுப்பவா, முழுப்படமும் வேண்டுமா என்று. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அக்காவின் குரல் பதிவு வந்தது.

"வெட்ட வேண்டாம் தம்பி. அடையாள அட்டையிலை தனியத்தானே நிக்கிறான். இதிலையாவது ஆக்களோடை நிக்கட்டும்."

படத்தை அனுப்பியபிறகு இன்னொரு பதிவு வந்தது. ஏழு நிமிடம். இடப்பக்கம் இருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, யாருடைய பிள்ளை, எங்கே கட்டியது, இப்போது எங்கே, இல்லையென்றால் எப்போது போனார் என்று சொல்லிக்கொண்டே போனார். நாலு இடத்தில் மட்டும் நிறுத்தி மூச்சு விட்டார். படம் எடுத்த பெரியப்பாவுக்கு அதில் பாதிப் பேரைத் தெரியவில்லை. எழுபதைத் தாண்டிவிட்டார், என்னையே சில வேளை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்.

இதைத்தான் சொல்ல வந்தேன். எங்களில் பலர் எந்த ஸ்கானர் நல்லது, எத்தனை புள்ளி, எந்தக் கோப்பு வடிவம் என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஸ்கானர் பழுதானால் இன்னொரு வழி வரும். பிலிம் ஒழுங்காக வைத்தால் இன்னும் பல வருடம் கிடக்கும். இந்த முகம் யாருடையது என்று சொல்லக் கூடியவர்கள்தான் முதலில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர் இல்லாத முப்பது முகம் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் கூட்டம்.

புத்தகங்களையும் பத்திரிகைகளையும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எண்ணிமப்படுத்தி வருகிறது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒரு திட்டத்தில் சேர்த்தது. நல்ல வேலைகள். ஆனால் உங்கள் வீட்டு அலுமாரிக்குள் யாரும் வரப்போவதில்லை. வந்தாலும் பெயர் சொல்ல வீட்டாள்தான் வேண்டும்.

நான் செய்வது இவ்வளவுதான். முதலில் எல்லாவற்றையும் குறைந்த அளவில் வேகமாக ஸ்கான் செய்து வாட்ஸ்அப்பில் பெரியவர்களுக்கு அனுப்புகிறேன். அவர்கள் சொல்லும் குரல் பதிவைப் படத்தோடு ஒரே கோப்புறையில் வைக்கிறேன். வருடம், இடம், இடப்பக்கம் இருந்து பெயர்கள் என்று தமிழிலேயே எழுதுகிறேன். முக்கியமானதைப் பிறகு முழு அளவில் எடுக்கிறேன். இரண்டு இடத்தில் பிரதி. நெகட்டிவை எறிவதில்லை. ஒருவரையும் கேட்காமல் பேஸ்புக்கில் போடுவதில்லை. சில முகங்கள் இன்றும் ஊரில் வாழ வேண்டியவை.

ஜித்தாவில் இருப்பவர்கள் நெகட்டிவ் இருந்தால் வெள்ளிக்கிழமைகளில் ஷரஃபியாவுக்குக் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். ஆட்களின் பெயர் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.