கெல்லர் சுவர்

நேற்றிரவு பெய்த மழை என் நித்திரையைக் குழப்பிவிட்டது. காரணம் எங்கள் வீடு இல்லை. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் ஒரு வயோதிப ஜேர்மன் அம்மாவின் வீடு.

இங்கே அநேக வீடுகளின் கீழே கெல்லர் இருக்கும். மழை நாட்களில் வெளியே மண்ணில் நிற்கும் தண்ணீர் அந்தச் சுவரை நெருக்கும். மயிரிழை போல ஒரு வெடிப்புப் போதும்.

நான் கட்டட வேலை செய்தவன் என்று தெரிந்து, சில வருடங்களுக்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டார். வெடிப்பைக் கொத்தி, சீமெந்து பூசி, வெள்ளையும் அடித்துக் கொடுத்தேன். காசும் தந்து, கோப்பியும் கேக்கும் தந்தார். இரண்டு மாதத்தில் பூச்சுப் பொருமி விழுந்துவிட்டது. செத்துப்போன கணவரின் படங்கள் இருந்த பெட்டி நனைந்து கிடந்தது. அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஊரில் அப்பா மேசன். "தம்பி, ஒழுக்கைப் பூசுறது வேலையில்லை. தண்ணி எங்காலை வருதெண்டு பிடிக்கிறதுதான் வேலை" என்பார். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் பூசி என்ன பயன்? உள்ளே போகும் ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கொங்கிறீற்றையே பிளக்கும்.

இந்த வேலை தெரிந்த நண்பனைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். வெடிப்பின் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்வாகத் துளை போட்டோம். துளை சுவரின் நடுவில் வெடிப்பைச் சந்திக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் 'பக்கர்' என்ற முனையை இறுக்கி, கீழிருந்து மேலாகப் பொலியூறதேன் பிசினைப் பம்பால் அழுத்தினோம். ஓடுகிற தண்ணீரை நிறுத்த முதலில் நுரைத்துப் பொங்கும் பிசின். நிரந்தரமாக அடைக்க, பிறகு இறப்பர் போல நிற்கும் பிசின்.

மிக மெல்லிய வெடிப்பென்றால் கொங்கிறீற் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. தண்ணீரோடு சேர்ந்து சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். ஆனால் வெடிப்பு அசையாமல் இருக்கவேண்டும். இவருடையது அப்படி இல்லை.

2024 செப்டெம்பர் 11 அதிகாலை டிறெஸ்டன் நகரில் கறோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றுக்குள் விழுந்தது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. 1971இல் கட்டி முடித்த பாலம். கட்டும் காலத்திலேயே இழுவிசைக் கம்பிகளில் பட்ட ஈரம்தான் தொடக்கம் என்றார்கள் நிபுணர்கள். வெளியே பார்த்தால் தெரியாத வெடிப்பு, அரை நூற்றாண்டு கழித்துத்தான் கணக்குத் தீர்த்தது. செய்தியைப் பார்த்தபோது என் வெள்ளைப் பூச்சுத்தான் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாவிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. படங்களைக் கொடியில் கொழுவிக் காயவைக்க உதவி செய் என்றார். பாதிப் படங்கள் தப்பின.

இன்று காலை போன் எடுத்துக் கேட்டேன். "ட்றொக்கன்" என்றார். காய்ந்திருக்கிறதாம்.