மூக்குச் சிந்தக் கற்பித்த மருத்துவர்

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போது, அண்மைக் காலமாக நம் கண்ணில் படும் புதுமை ஒன்றுண்டு. முன்பெல்லாம் திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே நாட்காட்டி தொங்கும். இன்றோ குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறது. காலை 6.30-க்கு எழுதல், 7-க்குப் பால், 9.30-க்கு உறக்கம் என நாள் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பல் துலக்கினால் ஒரு நட்சத்திரம். சோற்றைத் துப்பாமல் உண்டால் இன்னொன்று. அட்டவணைக்கு உரியவருக்கு வயது 2. மணி பார்க்க அவருக்குத் தெரியாது.

ஒழுங்கைப் பழிப்பவர்கள் அல்லோம் நாம். குருமடத்தில் மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உண்டு, மணியோசைக்கு உறங்கியவர்கள் அதைப் பழித்தல் அழகன்று. ஆயினும், வளர்ந்த பிள்ளையாகத் தானே விரும்பிச் சென்று ஏற்றுக்கொண்ட ஒழுங்கு வேறு. பேச்சே இன்னும் திருந்தாத வயதில் சுவரில் ஒட்டப்பட்ட ஒழுங்கு வேறு.

ஓர் இல்லத்தில் செபம் முடிந்து அமர்ந்திருந்தோம். அவ்வீட்டுச் சிறுவன் தண்ணீர்ச் செம்பைத் தூக்கித் தரையில் கவிழ்த்துவிட்டான். தந்தை முதுகில் ஓர் அடி வைத்தார். தாய், தாம் படித்த முறைப்படி, இரண்டு நிமிடம் மூலையில் நிற்குமாறு அனுப்பினார். பாட்டியார் மூலைக்கே சென்று அவனைத் தூக்கி வாழைப்பழம் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் மூன்று முறைகள்! அவன் அழுதது அடியின் வலியால் மட்டும் அன்று; நடப்பது இன்னதெனப் புரியாமையால் என்றே நமக்குத் தோன்றிற்று. பாட்டியார் நம்மிடம், “அடிக்காம வளர்த்த பிள்ளை உருப்படுமா சாமி?” என்றார். மருமகளோ, “இவங்க கையிலே பிள்ளையை விட்டுட்டு நான் எப்படி ஃபாதர் வேலைக்குப் போறது?” என்றார். செம்பு கவிழ்ந்தது பெரிதன்று. அந்தப் பிள்ளையின் பொருட்டே அவ்விருவரும் இரு வாரங்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

இங்கே மரியா மொந்தெஸ்ஸோரி அம்மையாரை நினைவுகூர விரும்புகிறோம். 1870-இல் இத்தாலியில் பிறந்து, 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பெண்மணி. உரோமாபுரியின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறார் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். கட்டட உரிமையாளர்கள் அவர்களை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுமாறு அம்மையாரை வேண்டினர். 1907 சனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50 குழந்தைகள். அவர்களைக் கவனிக்க, ஆசிரியப் பயிற்சி இல்லாத ஓர் இளம்பெண். சுவரைக் காப்பதற்காகத் தொடங்கியது உலகின் கல்வி முறைகளுள் ஒன்றாயிற்று. இன்று அப்பெயரைப் பலகையில் எழுதிப் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளிகளைக் காணும்போது, அது ஏழைப் பிள்ளைகளின் அறையில் பிறந்தது என்பதை யாரேனும் வாசலில் எழுதி வைக்கமாட்டார்களா என்று தோன்றும்.

நம் மண்ணோடும் அவருக்கு உறவு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு அவருடைய மகன் மரியோவைக் காவலில் வைத்தது. தாயையும் வளாகத்துக்குள் கட்டுப்படுத்தியது. அவருடைய 70-ஆம் பிறந்த நாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பின்பு இருவரும் கொடைக்கானலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கி, சிறு குழந்தைகளை உற்றுநோக்கியும் கற்பித்தும் வந்தனர்.

அவர் எழுதியவற்றுள் நம் மனத்தில் ஆழப் பதிந்தது மூக்குச் சிந்தும் பாடம். ஒரு நாள் குழந்தைகளுக்குக் கைக்குட்டையை எவ்வாறு மடிப்பது, ஓசையின்றி எவ்வாறு மூக்கைத் துடைப்பது என்று மெதுவாகச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று எண்ணினார். அவர்களோ மூச்சடக்கிப் பார்த்திருந்து, முடிந்ததும் கைதட்டி ஆரவாரித்தனர். காரணம் எளிது. மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் அவர்களை ஏசியிருக்கின்றனர். துடைப்பது எப்படி என்று எவரும் காட்டியதில்லை.

இதை வாசித்தபின் நம் பிள்ளைகளிடம் நாம் சொல்லும் சொற்களை ஒருவாரம் கேட்டுப் பார்த்தோம். “கொட்டாதே”, “ஓடாதே”, “தொடாதே”, “கதவை அறையாதே.” கதவை அறையாமல் சாத்துவது எப்படி என்று காட்டிய ஒருவரையும் காணோம். கைப்பிடியைப் பிடித்து, மெல்ல இழுத்து, கொண்டி விழும்வரை காத்திருப்பது நமக்கு அற்பம்; இரண்டு வயதுக்காரனுக்கு அது ஓர் அருஞ்செயல். காட்டினால், அதை அவன் இருபது முறை செய்வான். அந்த இருபது முறையையும் பொறுத்துக்கொள்வதே பெற்றோரின் பங்கு.

ஒழுங்கைப் பற்றியும் அம்மையார் ஓர் அரிய உண்மையைக் கண்டார். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று காரணமின்றி வீறிட்டு அழுதது. தாய் தம் மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். அதை மீண்டும் அணியச் சொன்னார் அம்மையார், அழுகை நின்றது. அங்கிக்கு உரிய இடம் தோள் என்பது அக்குழந்தையின் கணக்கு. அப்பாவின் தட்டு இடம் மாறினால் அழும் பிள்ளையைப் பிடிவாதக்காரி என்கிறோம். ஒழுங்கை நாம் அவளுக்குக் கற்பிக்கவில்லை. அவள்தான் நம்மிடம் தேடுகிறாள். அட்டவணை வேண்டுமெனின் இதற்கே வேண்டும்: செருப்புக்கு ஓர் இடம், குவளைக்கு ஓர் இடம், இரவுச் செபத்துக்கு ஒரு நேரம், அது நாளுக்கு நாள் மாறாதிருத்தல். நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்வதானால், பரிசையும் தண்டனையையும் அம்மையார் தம் இல்லத்திலிருந்து நீக்கிவிட்டார். செயலில் மூழ்கிய குழந்தைகள் பரிசைக் கையில் வாங்கியும் பொருட்படுத்தவில்லை.

பிரம்பைப் பற்றி நீதிமொழிகள் நூல் சொல்வதைப் பாட்டியார்கள் நமக்கு நினைவூட்டுவதுண்டு. மெய்தான், அது அங்கே இருக்கிறது. ஆனால் தம்மிடம் வந்த சிறாரைத் தடுத்த சீடர்மேல் ஆண்டவர் சினம் கொண்டார் என்பதும் மாற்கு நற்செய்தியில் இருக்கிறது. சிறார்மேல் அவர் சினம் கொண்டதாக ஓரிடத்திலும் இல்லை. நாட்டின் சட்டமும் 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தால் பள்ளியில் பிள்ளையை அடிப்பதை விலக்கிவிட்டது. பள்ளியில் ஆசிரியர் செய்யக்கூடாததை, அதனினும் சிறிய பிள்ளைக்கு வீட்டில் நாம் செய்வது எவ்வாறு தகும்?

முன்னர்க் கூறிய இளந்தாய்க்கு இவற்றையெல்லாம் சொன்னோம். “ஏழேகாலுக்குக் கம்பெனி வண்டி வந்துடும் ஃபாதர். அவன் தானா சட்டை போடற வரைக்கும் நான் நிக்க முடியுமா?” என்றார். நியாயமான கேள்வி. காலையில் அவரே போட்டுவிடட்டும். மாலையில் ஒரு செயல், ஒன்றே ஒன்று, அவனுக்கு விடப்பட வேண்டும் என்றோம். பாட்டியாரிடம் தனியே பேசி, அந்த ஒன்றைப் பகலில் கற்றுத்தரும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம். சிறு செம்பில் பாதியளவு நீர், ஒரு குவளை, சிந்தினால் துடைக்க ஒரு துணி. மூன்றாம் வாரம் ஞாயிறு பூசைக்குப் பின் பாட்டியார் நம்மிடம் வந்து, தமக்கு மாத்திரை போட அவனே நீர் ஊற்றிக் கொடுத்தான் என்றார். மருமகளும் உடன் நின்றார்.

நம் கோவில் வாசலிலுள்ள தீர்த்தத் தொட்டி பெரியவர்களின் மார்பளவு உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. அதன் அருகே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மண்கலத்தில் தீர்த்தம் வைக்கச் சொல்லியிருக்கிறோம். தரையெல்லாம் நீராகும் என்று உபதேசியார் அஞ்சுகிறார். பக்கத்தில் ஒரு துணியும் தொங்கும்.