எந்த ரூட் கண்டக்டர்?

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போன். மழை, முட்டுவலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏல, புள்ள கண்டக்டருக்குப் படிக்கப் போறாளாம்லா? ஒங்க பம்பாய்ல இல்லாத பஸ்ஸா? அதுக்குப் போயி சீமைக்கா அனுப்பப் போற?"

நானும் மனைவியும் சிரித்து அடங்கவே நேரமாகிவிட்டது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் கண்டக்டர் என்றால் விசிலும் தோல்பையும்தான். மேற்கத்திய இசைக்குழுவின் முன்னால் ஒரு சின்னக் குச்சியோடு நின்று நடத்துபவருக்கும் அதே பெயர் என்பது எனக்கே மும்பைக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் உறைத்தது.

அம்மா கேட்டதற்குச் சிரித்துவிட்டேன். ஆனால் மகள் கேட்பதற்குச் சிரிக்க முடியவில்லை. பன்னிரண்டாவதில் காமர்ஸ் படிக்கிறாள். ஏழு வயதில் செம்பூரில் ஒரு மாமியிடம் கர்னாடக வயலின் ஆரம்பித்தவள், பதினோரு வயதில் மேற்கத்திய வயலினுக்குத் தாவினாள். இப்போது வியன்னாவுக்குப் போய் கண்டக்டிங் படிக்க வேண்டும் என்கிறாள். சிம்பொனி மட்டுமில்லை, ஆபெராவும் நடத்த வேண்டுமாம்.

இங்கே ஒரு பழைய பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருஷம் முன்பு நான் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு பையன் ஐரோப்பாவில் இசை படிக்கக் கல்விக்கடன் கேட்டு வந்தான். படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் வருமானம் என்ற இடத்தில் அவன் என்னவோ எழுதியிருந்தான். நான் பக்கத்தில் "தெளிவில்லை" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரியான குறிப்பு. அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன்.

இப்போது என் வீட்டிலேயே அந்த விண்ணப்பம். என்னால் அதைப் பரிசீலிக்க முடியாது, வேறொரு அதிகாரிதான் பார்ப்பார். அவரும் என்னைப் போலவே எழுதுவார் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு பார்ட்டியைப் பற்றி விசாரிப்பது போல ஒரு கண்டக்டரின் ஆரம்ப வருஷங்களை உட்கார்ந்து விசாரித்தேன். வெகுதூரம் போகவில்லை. இதே மும்பைக்காரர்தான், ஜுபின் மேத்தா.

1936-இல் இங்கே பிறந்த பார்சி. அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். 1935-இல் பாம்பே சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தவர். வீட்டில் சங்கீதம் வழிந்தது, ஆனாலும் அம்மாவுக்குப் பையன் டாக்டராக வேண்டும். அப்படியே தோபி தலாவில் உள்ள செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார், ரெண்டு வருஷத்தில் விட்டார். 1954-இல், 18 வயதில், வியன்னாவுக்குப் போய் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். மாசச் செலவுக்கு 75 டாலர்.

அங்கே அவர் செய்தவற்றில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையை வெளியாள் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஜுபினும், கூடப் படித்த கிளாடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஒத்திகைகளில் பாடும் சேர்ந்திசைக் குழுவில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடிக்கொண்டே கராயன் போன்றவர்களின் கைகளைப் பார்த்துப் படித்தார்கள். புதிதாகச் சேர்ந்த கிளார்க், ஃபைல் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் மேனேஜர் கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கிறார் என்று கவனிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இசைக்குழுவுக்குள் உட்கார்ந்து பார்க்க டபுள் பாஸும் கற்றுக்கொண்டு வாசித்தார்.

அப்படி என்னதான் செய்கிறார் கண்டக்டர்? அவர் ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. அவர் முன்னால் விரித்திருக்கும் நோட்டில் எல்லா வாத்தியத்தின் வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருபதுக்கு மேல் ஓடும். வாசிப்பவர்களிடம் அவரவர் வரி மட்டும்தான் இருக்கும். கிளாரினெட் வரியில் எழுதியிருப்பது ஒரு ஸ்வரம், காதில் விழுவது வேறு ஸ்வரம். ஹார்னுக்கும் அப்படித்தான். அதையெல்லாம் மனசுக்குள் மாற்றிக் கணக்குப் போட்டபடியே அவர் அடுத்த தாளத்தைக் கையால் முன்கூட்டிக் காட்ட வேண்டும். எல்லாக் கிளைகளின் கணக்கையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டே அடுத்த காலாண்டை நடத்துகிற வேலை என்று மகளிடம் சொன்னேன். "அப்பா, தயவுசெய்து இதை வெளியில் சொல்லாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன் :-)

ஆபெரா இன்னும் கஷ்டம். இசைக்குழு மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பாடகர்கள் மேலே, தள்ளி, நடித்துக்கொண்டே பாடுவார்கள். ஒருவர் மூச்சு வாங்கத் தாமதித்தால் கீழே இருக்கும் அத்தனை பேரையும் அந்த மூச்சுக்காக நிறுத்திப்பிடிக்க வேண்டும். அதனால் ஐரோப்பாவில் பலரும் ஆபெரா அரங்கில் பாடகர்களுக்கு ஒத்திகைப் பியானோ வாசிக்கும் வேலையில் நுழைந்து, படிப்படியாகக் குச்சியைக் கையில் வாங்குவார்கள். ஜார்ஜ் ஷோல்டி புடாபெஸ்ட்டில் அப்படித்தான் ஆரம்பித்தார். ஜுபின் ரூட் வேறு. முதலில் கச்சேரி மேடை, பிறகுதான் ஆபெரா.

1958-இல் லிவர்பூலில் நடந்த கண்டக்டர் போட்டியில் நூறு பேர் அளவில் கலந்துகொண்டார்கள். முதல் பரிசு ஜுபினுக்கு. பரிசோடு அங்கே ஒரு வருஷ உதவிக் கண்டக்டர் வேலையும் கிடைத்தது. வருஷம் முடிந்தது, வியன்னாவுக்கே திரும்பினார். கையில் நிரந்தர வேலை எதுவும் இல்லை. எந்த வங்கியும் அந்த நிமிஷத்தில் அவருக்குக் கடன் கொடுத்திருக்காது, நான் உட்பட.

அதற்கப்புறம் நடந்ததைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1960-இல் மான்ட்ரியலில் இகோர் மார்க்கெவிச் வர முடியவில்லை, பதிலுக்கு ஜுபின். 1961-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரைனருக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு ஜுபின். அதே வருஷம் இஸ்ரேலில் யூஜின் ஆர்மண்டிக்குப் பதிலாகவும் அவரே. எங்கள் பாஷையில் சொன்னால் எல்லாமே "இன்சார்ஜ்" டூட்டி. மேனேஜர் லீவில் போனால் சாவியை வாங்கிக்கொள்கிற ஆள்.

இன்சார்ஜ் டூட்டி பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும். நிகழ்ச்சி நிரல் இன்னொருவர் போட்டது. ஒத்திகைக்கு இருக்கும் நேரம் கொஞ்சம். அந்த இசையைக் கூப்பிட்ட பிறகு படிக்க முடியாது. கூப்பிடும்போதே தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்திசைக் குழுவில் நின்று பாடிய வருஷங்கள் அங்கேதான் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1961-இல் மான்ட்ரியல் இசைக்குழு அவரைத் தலைமைக்கே எடுத்துக்கொண்டது. 1962-இல், 26 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். அதற்குப் பின்னால் ஓர் ஆபீஸ் அரசியலும் உண்டு. அந்தப் பதவிக்கு முதலில் பேசி வைத்திருந்தது ஷோல்டியை. அவரைக் கேட்காமலே ஜுபினை உதவிக் கண்டக்டராக நியமித்ததில் கோபப்பட்டு ஷோல்டி விலகினார். நாற்காலி காலியானது. திறமை இருந்தது, அதிர்ஷ்டமும் இருந்தது. ரெண்டில் ஒன்றை மறைத்துச் சொன்னால் மகளுக்குத் தப்பான கணக்குக் காட்டியதாகும்.

1963-இல் மான்ட்ரியலில் முதல் ஆபெரா, டோஸ்கா. 1965 டிசம்பர் 29 அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபெராவில் ஐடா. அப்போது வயது 29. பின்னாளில், 1998 முதல் 2006 வரை, மியூனிக்கில் பவேரியா அரசு ஆபெராவின் தலைமையே அவரிடம் இருந்தது. அதன் இசைக்குழுவோடுதான் 2005 டிசம்பர் 26 அன்று, சுனாமியின் முதல் நினைவு நாளில், சென்னை மியூசிக் அகாடமியில் வந்து நின்றார்.

மகளுக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும். எனக்கு உறைத்தது வேறு ரெண்டு பேர்.

ஒருவர் தம்பி ஜரின் மேத்தா. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்! மான்ட்ரியலில் கணக்குத் தொழிலில் இருந்தவர், பிறகு அங்குள்ள இசைக்குழுவின் நிர்வாகத்துக்கு வந்து, கடைசியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் நிர்வாகத் தலைவரானார். பி.காம். படித்த எனக்கு இதில் என்ன சந்தோஷம் என்று உங்களுக்குப் புரியும். சங்கீதத்துக்கும் யாராவது லெட்ஜர் எழுதத்தான் வேண்டும்.

இன்னொருவர் அப்பா மெஹ்லி. 1955-இல் பம்பாயை விட்டு இங்கிலாந்துக்குப் போய் மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவில் வயலின் வாசிக்க உட்கார்ந்தார். இங்கே சொந்தமாக இசைக்குழு நடத்தியவர், அங்கே வாசிப்பவர்களில் ஒருவர். வயது நாற்பத்தேழை ஒட்டி. எனக்கு இப்போது நாற்பத்தாறு. மாற்றல் ஆர்டர் வந்தாலே ரத்த அழுத்தம் ஏறுகிற வயசு. பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் இளைஞர்களுக்காக ஒரு இசைக்குழு தொடங்கி 33 வருஷம் நடத்தினார். 2002-இல், 94 வயதில் காலமானார்.

2023 ஆகஸ்டில், 87 வயதில், ஜுபின் நரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ.வில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவை நடத்தினார். 2006-இல் ஆரம்பித்த குழு அது. முழுநேரத் தொழில்முறை சிம்பொனி இசைக்குழு என்று இந்தியாவில் சொல்ல அது ஒன்றுதான். அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறைய. அதாவது மகள் படித்து முடித்தாலும் இங்கே அவளுக்கு நாற்காலி கிடைப்பது துர்லபம். இதையும் அவளிடம் சொன்னேன்.

"தெரியும்ப்பா. நீங்களும் பாளையங்கோட்டைலயே வேலை கிடைக்கும்னா படிச்சீங்க?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. திருச்சி, கொல்கத்தா, மும்பை என்று அவளை ஸ்கூல் ஸ்கூலாக இழுத்துக்கொண்டு அலைந்தவன் நான்.

இப்போதைக்கு வீட்டில் ஏற்பட்டிருக்கும் உடன்பாடு இது. ஒரு வருஷம் இங்கேயே பி.காம். சேருவாள். அந்த வருஷத்தில் நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய பியானோவும் காதுப் பயிற்சியும். பியானோ டீச்சர் ஃபீஸ் என் பொறுப்பு. தேர்வில் தேறினால் வீட்டுப் பத்திரத்தை ஈடு வைப்பது என்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். தேறாவிட்டால் என்ன என்று இன்னும் பேசவில்லை. அவள் பேச விடவில்லை.

கடன் விண்ணப்பத்தை மட்டும் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. எதிர்பார்க்கும் வருமானம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அந்தப் பழைய பையன் அங்கே என்ன எழுதியிருந்தான் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. நான் எழுதிய குறிப்பு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்த மாதிரி ரூட்டில் போயிருந்தால் எழுதுங்கள். அம்மாவுக்கும் நான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.