வெந்நீர் யாருக்கு?

வெந்நீர்க் குளியல் செல்வர்க்குரிய சுகம் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அன்றி ஏனையோர்க்கு அது வேண்டுவதில்லை என்பாரும் உளர். சில மாதங்களாக நம் இல்லத்தில் இதுபற்றியே ஆலோசனை நடந்தது. புதிதாக ஒரு வெந்நீர்த் தொட்டி வாங்குவதா, அன்றிப் பின்கட்டில் கிடக்கும் பழைய செம்புப் பாய்லரைச் செப்பனிடுவதா என்பதே கேள்வி. இது வெறுங் குடும்பக் காரியந்தானே என்று வாசகர் கருதலாம். ஆராயப் புகுந்தபின், இது நம் சமூகத்தின் காரியமாகவும் இருக்கக் கண்டோம்.

நம் தாயார் நியாலாஸ் வட்டாரத் தோட்டங்களில் முப்பதாண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஈரத்திலும் மேட்டிலும் மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து நிமிர்ந்து உழைத்த முழங்கால்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. முழங்கால் வரை இளஞ்சூட்டு நீரில் வைத்திருந்தால் வலி தணியும் என்று மருத்துவர் கூறினார். குளியலறைச் சுவரில் மின்சார ஹீட்டர் இருக்கிறது. அது நின்று குளிப்பவர்க்கு உதவும். ஆனால் சிறிது சிறிதாகச் சொரிவதால் அண்டா நிரம்புமுன் நீர் பாதி ஆறிவிடும். ஆகவே நம் இளவல், தவணை முறையில் கிடைக்கும் குமிழித் தொட்டி ஒன்றின் படத்தைக் காட்டினான். விலை பல ஆயிரம் வெள்ளி.

அத்தொட்டியை ஆடம்பரம் என்று இகழ்தல் நியாயமன்று. இத்தாலியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜக்குஸி சகோதரர் நீர் இறைக்கும் யந்திரங்கள் செய்து பிழைத்தவர்கள். அவர்களுள் கான்டிடோ என்பவரின் இளம் புதல்வன் மூட்டு வாதத்தால் துன்புற்றான். அக்குழந்தை வீட்டுத் தொட்டியிலேயே சிகிச்சை பெறும்பொருட்டு, நீரைச் சுழற்றும் சிறு யந்திரம் ஒன்றை அவர்கள் அமைத்தனர். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. 1968-ல் யந்திரமும் தொட்டியும் ஒன்றாயின. பின்னரே அது மாளிகைகளின் அலங்காரமாயிற்று. ஒரு தகப்பனின் கவலையிற் பிறந்த பொருள் அது.

ஆயினும் கணக்குப் பார்த்தல் கடமையன்றோ? ஆயிரம் லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடேற்றச் சுமார் 15 யூனிட் மின்சாரம் செல்லும். நீரின் சூட்டைக் காப்பதற்கும் யந்திரத்தைச் சுழற்றுதற்கும் ஆகும் செலவு வேறு. நீரை ஒழுங்காகச் சுத்தி செய்யாவிடில் அது நோய்க்கும் இடமாகும். 1999-ல் நெதர்லாந்து நாட்டில் ஒரு மலர்க் கண்காட்சியில் பார்வைக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியோனெல்லா என்னும் கிருமி நீர்த்துளிகளோடு பரவி, முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் அதில் குளிக்கவுமில்லை. அருகே நடந்து சென்றவர்களே. இரண்டு முழங்கால்களுக்காக இத்தனை நீரையும் இத்தனை கவலையையும் சுமக்க வேண்டுமா என்று யோசித்தோம்.

இயற்கையே நமக்கு வெந்நீர் அளித்திருக்கிறது. நம் ஜாசின் மாவட்டத்தில் பெம்பானிலும், அலோர் காஜா மாவட்டத்தில் காடேக்கிலும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஆயர் பானாஸ் என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் வெந்நீர் என்பதே பொருள். 1854-ல் இயற்கை நூலறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், இன்று நாம் லேடாங் என்று வழங்கும் ஓபிர் மலையைக் காணச் சென்ற காலத்தில், இவ்வூரில் தங்கியதைத் தம் நூலிற் குறித்திருக்கிறார். தாயாரை ஊற்றுக்கு அழைத்துச் சென்றோம். மலாய் மூதாட்டி ஒருவரும் சீனக் கிழவர் ஒருவரும் கால்களை நீரில் விட்டு அமர்ந்திருக்க, அவர்களுக்கிடையே தாயாரும் அமர்ந்தார். மூவர்க்கும் பொதுமொழி முழங்கால் வலியே. ஒரு மணி நேரம் அவர் முகத்தில் வேதனையில்லை. ஆனால் நாள்தோறும் அத்தனை தூரம் வண்டியிற் செல்ல அவரால் இயலாது.

ஆகவே பாய்லரை எடுத்துப் பார்த்தோம். பாட்டனார் மலாக்கா நகரில் வாங்கியது. நடுவே ஒரு குழல். அதில் விறகு எரியும். அதனைச் சுற்றி நீர் நிற்கும். மேலேயுள்ள புனலில் ஒரு செம்பு குளிர்நீர் ஊற்றினால், அது அடிக்குச் சென்று, அதே அளவு வெந்நீரை மேற்குழாய் வழியே வெளியே தள்ளும். அடிப்பக்கத்துப் பற்று விட்டிருந்தது. ஈயமும் காரீயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். நீர் உள்ளவரை செம்பு அச்சூட்டை எட்டாது. நீரின்றி எரித்தால் பற்று விட்டுப்போகும். ஜாசின் பட்டணத்தில் ஒரு சீனப் பட்டறைக்காரர் 120 வெள்ளிக்குப் பித்தளை வைத்துப் பற்றித் தந்தார். உள்ளே ஈயம் பூச வேண்டுமா என்று கேட்டோம். சமைக்கும் பாத்திரத்துக்குத்தான் அது தேவை, குளிக்கும் நீருக்கு வேண்டாம் என்று உண்மையைச் சொன்னார். களிம்பைப் புளியும் உப்புமிட்டு நாமே தேய்த்தோம்.

தேய்க்கும்போதுதான் உண்மையான கேள்வி எழுந்தது. இந்தப் பாய்லரை இத்தனை ஆண்டுகள் எரித்தவர் யார்? பாட்டியும் தாயாரும். ரப்பர் விறகு சுமந்தது, ஊதுகுழலால் ஊதியது, நீர் நிரப்பியது யாவும் அவர்களே. முதலிற் குளித்தவர் பாட்டனார்; அடுத்துத் தந்தையார்; பின்னர்ப் பள்ளி செல்லும் பிள்ளைகள். தாயார் முறை வருமுன் தணல் அவிந்திருக்கும். பால்வாடை வீசும் உடம்போடு அவர் தோம்பிலுள்ள குளிர்நீரையே மொண்டு ஊற்றிக்கொள்வார். அதை எவரும் அநீதியென எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

1927 மார்ச்சு 20-ஆம் நாள் மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கர், தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட மக்களோடு சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பொது நீரில் யாவர்க்கும் உரிமையுண்டு என்பதை உலகறியச் செய்தார். அச்செய்தியை மேடைதோறும் புகழ்கின்றோம், புகழவேண்டியதே. ஊர்க்குளத்திற் சமத்துவம் வேண்டும் நாம், வீட்டுக் குளியலறையில் அதனை வேண்டினோமா? சாதியின் பெயரால் ஒருவரைக் குளத்தினின்று தள்ளி வைப்பது கொடுமையானால், பெண்ணென்ற பெயரால் அவள் காய்ச்சிய நீரினின்றே அவளைத் தள்ளி வைப்பதற்குப் பெயர் என்ன?

தொட்டி வேண்டாமென்று முடிவாகிப் பாய்லர் வீடு வந்த மாலையில், தாயார் வழக்கம்போல் விறகருகே குந்தப் போனார். “நீங்கள் நாற்காலியில் இருங்கள் அம்மா” என்றோம். “ஆம்பிளைப் பிள்ளை அடுப்பு ஊதினா ஊரு சிரிக்கும் தம்பி” என்றார். சிரிக்கட்டும் என்று பற்றவைத்தோம். கண்ணெரிந்தது; இருமல் வந்தது. இதனை அவர் எத்தனை ஆயிரம் விடியல்களிற் செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அண்டா நிரம்பியதும் அவர் கால்களை விட்டார். “சூடு போதுமா?” என்றதற்கு, “எனக்குன்னு யாரும் தண்ணி காய்ச்சினதில்லையே, எப்படிச் சொல்றது” என்று சிரித்தார்.

இப்போது தோட்டங்களிற் பல செம்பனைக்கு மாறிவிட்டன. மண்வேலை செய்வோரிற் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தோர். தொழிலாளர் வீடுகட்குக் குழாய்நீரும் மின்சாரமும் வேண்டுமென 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அது நிறைவேறும்படி கேட்பது சங்கத்தின் கடமை. வீட்டுக்குள் வந்த நீரை யார் காய்ச்சுவது, யார் முதலில் குளிப்பது என்பதை எந்தச் சட்டமும் விதிக்காது; அதனை ஆண்மக்களே திருத்தவேண்டும். புதுத் தொட்டி வாங்க வசதியுள்ளோர் வாங்குக. பழையதைச் செப்பனிடுவோர் செப்பனிடுக. எதுவாயினும், இத்தனை காலம் நெருப்பருகே குந்தியிருந்தவரை முதலில் அதில் அமர்த்துக. விறகை நாம் சுமப்போம்.