ஒரு வேட்டிக்கு எத்தனை சிட்டம்

அமராவதி நகரில் சோறு வடிக்கிற வீடுகள் குறைந்துவிட்டன, எங்கும் குக்கர்தான், ஆனாலும் அணைக்குப் போகும் ரோட்டில் ஏதோ ஒரு அடுப்படியிலிருந்து கல்லாபுரத்து அரிசியின் கஞ்சி மணம் எழுந்து வரும்போது, வாங்கலாமா வேண்டாமா என்று போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த சட்டை மறந்துபோய், அப்பாருடைய கதர் வேட்டி நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஆத்தா அதைக் கஞ்சியில் முக்கி, துளி நீலம் சேர்த்து, வேலிமேல் விரித்துப் போடுவாள், காய்ந்தால் தகரம் மாதிரி விறைத்து நிற்கும், மடிப்பைப் பிரிக்கையில் வெயில் வாசனை அடிக்கும். வேறு வேட்டி வேண்டுமென்றால் அப்பாரு ராட்டையில் உட்காருவார், திண்ணையில் வெளிச்சம் இருக்கிறவரைக்கும் நூற்பார், ஒரு சிட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் நூல், அந்தச் சிட்டங்களைத் துண்டில் முடிந்துகொண்டுபோய்க் கதர்க்கடையில் போட்டு, கணக்கில் வரவு வைத்து, வரவுக்குத் தக்க துணி எடுத்து வருவார், இதற்குள் மாசங்கள் ஓடிவிடும், ஓடுகிற மாசங்களில் பழைய வேட்டியே இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும் என்று அவருக்கே தோன்றிவிடுவதும் உண்டு. கிழிந்த வேட்டி துண்டாகும், துண்டு கரித்துணியாகும், மிச்சம் விளக்குத் திரி.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி சட்டையையும் குல்லாயையும் விட்டு அரைவேட்டிக்கு மாறியதும், 1925-ல் சர்க்கா சங்கம் தொடங்கியபின் திருப்பூர் தமிழ்நாட்டுக் கதருக்குத் தலைநகரம் மாதிரி ஆனதும் அப்பாருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் காந்தி பேரைச் சொல்லி யாருக்கும் புத்தி சொன்னதில்லை, கஞ்சி போதவில்லை என்று ஆத்தாவோடு சண்டை போட்டதுதான் அதிகம்.

அதே திருப்பூரில் பின்னாளில் காதர்பேட்டைக்குச் சித்தப்பாவோடு போவோம், சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை நெரிக்கிற சந்துகள், பிளீச்சிங் நெடியும் மெஷின் எண்ணெயும், லேபிளை வெட்டிக் குவித்த டீ-சர்ட்டுகள், ஒரு தையல் பிசகியதால் கப்பல் ஏறாமல் செகண்ட்ஸ் ஆனவை. எல்லாரும் விலையைக் கேட்டு அள்ள, பீஸ்ரேட்டுக்குத் தைத்துப் பழகிய சித்தப்பா ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்புவார், ஓவர்லாக் ஓட்டத்தை விரலால் தடவுவார், தோள்பட்டையை இழுத்துப் பார்ப்பார், "இத்தனையும் ஆரு கண்ணு போடறது?" என்று கேட்டுக்கொண்டே பாதியைத் திரும்ப வைத்துவிடுவார். ஒரு பருத்தி டீ-சர்ட்டுக்கு 2700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று இப்போது கணக்குச் சொல்கிறார்கள், அந்த மலிவின் சாயம் நொய்யல் ஆற்றில் ஓடி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது, அப்போது சித்தப்பாவுக்கும் வேலை இல்லாமல் இருந்தது, அதனால் மலிவையும் நீதியையும் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூச்சமாக இருக்கும்.

போனில் உள்தையலைத் தடவ முடியாது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாதி விலை என்று அது எழுப்பிவிடும், வந்து சேரும் பொட்டலத்தில் பிளாஸ்டிக் தவிர வேறு வாசனையும் கிடையாது. பட்ஜெட், செயலி என்று பிள்ளைகள் சொல்லித் தந்ததெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. வேண்டியதை ஒரு தாளில் எழுதி, அடுத்த உடுமலைச் சந்தைவரை அப்படியே விட்டுவிடுகிறேன், பாதிக்கு மேல் அதற்குள் வேண்டாததாகிவிடுகிறது, சிலது விலை ஏறிப்போய்க் கை நழுவியும் இருக்கிறது.

தாளில் கடைசிவரை நின்றது ஒரு துண்டு. கதர்க்கடைக்காரர் கார்பன் தாள் வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு எழுத்தாக பில் எழுதுகிறார், பின்னால் நிற்பவர் சலித்துக்கொள்கிறார், உள்ளதைச் சொன்னால் எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அவர் எழுதி முடிக்கிறவரை துண்டைத் திருப்பிக் கரையைத் தடவிப் பார்க்க நேரம் கிடைக்கிறது.